மட்டன் விலை ஏறிக்கிட்டே போகுது... ஆனா செம்மறி ஆடு ஏன் குறையுது? ஆட்டுக்காரங்களோட எதிர்காலம் என்ன?

"ஒழுங்கா படிக்கலன்னா ஆடு மேய்க்கத்தான் போகணும்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அநேகமாக இருக்க மாட்டார்கள். இன்னைக்கு நிலைமை என்னன்னா, படிச்சவங்களும் போகலை, படிக்காதவங்களும் போகலை. ஆடு மேய்க்க ஆளே கிடைக்கலை. இன்னொரு பக்கம் கறிக்கடையில் ஒரு கிலோ மட்டன் பல ஊர்களில் 800 ரூபாயைத் தாண்டிவிட்டது. தீபாவளி நேரத்தில் விலைப் பலகையைப் பார்த்துட்டு அரை கிலோவோட திரும்புற குடும்பங்கள் நிறைய.

ஒரு பொருளுக்கு விலை ஏறினா, அதை உற்பத்தி பண்றவங்க அதிகமாகணும் இல்லையா? செம்மறி ஆட்டு விஷயத்தில் தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் சுமார் 48 லட்சம் செம்மறி ஆடுகள் இருந்தன. 2019-ல் அது 45 லட்சம். அதே ஏழு வருஷத்தில் வெள்ளாடு 81 லட்சத்தில் இருந்து கிட்டத்தட்ட 99 லட்சத்துக்கு ஏறியது. ஒரே மண், ஒரே மழை, ஒரே கறிக்கடை. ஒண்ணு ஏறுது, இன்னொண்ணு இறங்குது. ஏன்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம்: மட்டன்னா எந்த ஆடு?

வெளிநாட்டில் 'லேம்ப்' என்றால் ஒரு வயதுக்குக் குறைவான செம்மறிக் குட்டியின் கறி. 'மட்டன்' என்றால் வளர்ந்த செம்மறி. நம்ம ஊரில் செம்மறி, வெள்ளாடு ரெண்டுக்கும் மட்டன்தான் பெயர். கடையில் தொங்கும்போது வாலைப் பார்த்துதான் பல பேர் கண்டுபிடிக்கிறார்கள். "வெள்ளாட்டுக் கறிதானே?" என்று கேட்டு வாங்குறவங்களும் உண்டு, செம்மறியில் கொழுப்பு ருசி என்று தேடிப் போறவங்களும் உண்டு.

வளர்ப்பில் இந்த ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. வெள்ளாடு எட்டி, கால் தூக்கி, வேலிச் செடியையும் மரத்தழையையும் கடிக்கும். வீட்டு வாசலில் நாலு ஆட்டைக் கட்டிப்போட்டு, கிளையை ஒடிச்சுப் போட்டே வளர்த்துவிடலாம். பெரும்பாலும் ரெண்டு குட்டி போடும். செம்மறி தலையைக் குனிந்து தரையில் இருக்கும் புல்லை மேயும் பிராணி. மந்தையாகத்தான் போகும். அதுக்குத் திறந்த நிலம் வேணும், கூடவே நாள் முழுக்க நடக்க ஒரு ஆள் வேணும். நம்ம ஊர் இனங்கள் பெரும்பாலும் ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். நிலமும் ஆளும் குறையும்போது முதல் அடி செம்மறிக்குத்தான் விழும்.

மேய்ச்சல் நிலம் எங்கே போச்சு?

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் போனீங்கன்னா 'கொறங்காடு' என்று ஒன்றைக் காட்டுவார்கள். மானாவாரி நிலத்தைச் சுற்றி கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மழை குறைவான மண்ணுக்கு முன்னோர் கண்டுபிடித்த மேய்ச்சல் முறை இது. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் வளர்ந்தது இந்தக் காட்டில்தான். வேலி இருப்பதால் ஆட்டை உள்ளே விட்டுட்டு வேற வேலைக்குப் போகலாம். வெள்வேலங்காய் உதிர்ற மாசத்தில் ஆட்டுக்குத் தனித் தீவனமே தேவைப்படாது.

இப்போ அந்த நிலங்களில் பல வீட்டுமனையாகியிருக்கு. சில இடங்களில் சூரிய மின் தகடுகள், சில இடங்களில் காற்றாலைகள். தெற்கே ராமநாதபுரம், தூத்துக்குடி கரிசலிலும் இதே கதைதான். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் புறம்போக்குகள் ஆக்கிரமிப்பிலோ, அரசுக் கட்டடங்களிலோ சுருங்கிப் போயின. காட்டு ஓரத்து ஊர்களுக்கு இன்னொரு சிக்கல். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. காட்டைக் காப்பாத்தணும்கிறதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா தலைமுறையா அங்கே மேய்ச்சவங்களுக்கு மாற்று நிலம் எதுன்னு கேட்டா பதில் வரலை.

கிடை ஆடுகள்: நடந்துகொண்டே இருக்கும் பண்ணை

செம்மறி பற்றிப் பேசும்போது கிடையை விட்டுட்டுப் பேச முடியாது. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் இருந்து அறுவடை முடிஞ்ச கையோட ஆயிரக்கணக்கான ஆடுகள் காவிரி டெல்டா பக்கம் நடக்கும். பல குடும்பங்களோட மந்தை ஒண்ணா சேரும். அதை நடத்திச் செல்லும் மூத்தவர்தான் 'கீதாரி'. பகலில் அறுத்த வயலில் மேய்ச்சல். ராத்திரி ஒரு விவசாயியின் வயலில் ஆடுகளை அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். அதுக்கு அந்த விவசாயி கீதாரிக்குக் காசோ நெல்லோ கொடுப்பார். மறுநாள் அடுத்த வயல்.

யோசிச்சுப் பாருங்க. ஆட்டுக்குத் தீவனச் செலவு இல்லை, விவசாயிக்கு உர மூட்டை செலவு மிச்சம், ரசாயனமும் இல்லை. இயற்கை விவசாயத்துக்கு இன்னைக்கு மேடை போட்டுப் பேசுறோமே, அதை இவர்கள் காலம்காலமா செஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா இவர்களுக்கு 'விவசாயி' என்ற அட்டைகூட கிடைப்பதில்லை. ஏன்னா சொந்த நிலம் இல்லை.

இந்த வாழ்க்கையின் கஷ்டமும் சின்னது இல்லை. கூரை கிடையாது. மின்னல் தாக்கி ஒரே ராத்திரியில் பட்டியே சாயும். தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி நூற்றுக்கணக்கில் இறந்த செய்திகளை நாமே போட்டிருக்கோம். பிறந்த குட்டியைக் கூட்டுக்குள் கவிழ்த்து வெயிலிலிருந்தும் காக்காயிடமிருந்தும் காப்பாத்தணும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. இந்தத் தலைமுறைக்கு அது வேண்டாம் என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

இன்னொரு இருண்ட பக்கமும் இருக்கு, சொல்லாமல் விடக்கூடாது. கூலிக்கு ஆள் கிடைக்காத இடத்தில், சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் கிடை மேய்க்க அனுப்பப்பட்ட சிறுவர்கள் டெல்டா மாவட்டங்களில் மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை கடைசியில் யார் தலையில் விடியுதுன்னு இது காட்டுது.

நாய், நீலநாக்கு, ஆட்டுக்கொல்லி

வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலை பக்கத்து விவசாயிகளைக் கேட்டா, முதல் எதிரி யாருன்னா தெருநாய் என்பார்கள். பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பத்து, இருபது ஆடுகளைக் கடிச்சுப் போட்டுவிடும். செம்மறி சண்டை போடாது. ஓடக்கூடத் தெரியாமல் மூலையில் ஒடுங்கி நிக்கும். 2024, 2025-ல் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்தே போராடினார்கள். அதுக்கப்புறம்தான் நாய் கடிச்சுச் செத்த ஆடுகளுக்கு இழப்பீடு என்ற அறிவிப்பு வந்தது. சந்தை விலைக்கும் இழப்பீட்டுத் தொகைக்கும் உள்ள இடைவெளி அவர்களோட அடுத்த கோரிக்கை.

நோய்களில் ரெண்டு முக்கியம். ஒண்ணு ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று வந்து மந்தையையே காலி பண்ணும். இதுக்குத் தடுப்பூசி இருக்கு. ஒரு தடவை போட்டா சுமார் மூணு வருஷம் காக்கும். உலகத்தில் இருந்தே இந்த நோயை 2030-க்குள் ஒழிக்கணும்னு ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. மாட்டுக்கு வந்த வெக்கை நோய் இப்படித்தான் 2011-ல் ஒழிஞ்சது. அதனால இது வெறும் கனவு இல்லை.

இன்னொண்ணு நீலநாக்கு நோய். ஆட்டில் இருந்து ஆட்டுக்கு நேரா பரவாது. கொசுவைவிடச் சின்னதா ஒரு கடிக்கும் பூச்சி பரப்புது. வடகிழக்குப் பருவமழை காலத்தில் சேறும் சகதியுமா இருக்கும்போது அந்தப் பூச்சி பெருகும். உதடு வீங்கி, நாக்கு நிறம் மாறி, நொண்டி நொண்டி ஆடு படுத்துவிடும். வெள்ளாட்டைவிடச் செம்மறியைத்தான் அதிகம் தாக்கும். ஐந்து வகை வைரஸ்களுக்கு எதிரான தடுப்பூசி இந்தியாவிலேயே உருவாகி விற்பனைக்கு வந்திருக்கு. பருவநிலை மாறி, மழை நாளும் சூடும் கூடும்போது இந்த மாதிரி பூச்சி பரப்புற நோய்கள் புது இடங்களுக்கும் போகும். ஐரோப்பாவில் 2006-ல் நீலநாக்கு வடக்கு நாடுகள்வரை ஏறியது இதுக்கு உதாரணம்.

ஆடு குறைந்தாலும் கறி குறையாமல் இருக்குமா? நியூசிலாந்து பாடம்

செம்மறிக்குப் பேர் போன நாடு நியூசிலாந்து. 1982-ல் அங்கே 7 கோடி ஆடுகள் இருந்தன. மனுஷன் ஒருத்தனுக்கு 22 ஆடு. 1984-ல் அரசு விவசாய மானியங்களை வெட்டியது. கம்பளி விலை விழுந்தது. மேய்ச்சல் நிலங்கள் பால் பண்ணைகளாகவும், பிறகு கார்பன் வரவுக்காகப் பைன் மரக் காடுகளாகவும் மாறின. இப்போ அங்கே சுமார் 2.4 கோடி ஆடுகள்தான். மூணுல ரெண்டு பங்கு காணாமல் போச்சு.

ஆனா குட்டிக்கறி உற்பத்தி அந்த அளவுக்கு விழவில்லை. ரகசியம் ரெண்டு. முன்பு 100 தாய் ஆடுகளுக்கு வருஷத்துக்குச் சுமார் 100 குட்டி. இப்போ சுமார் 130. முன்பு ஒரு குட்டியில் தோல், தலை, குடல் நீக்கி 14 கிலோ கறி கிடைச்சது. இப்போ சுமார் 19 கிலோ. குறைவான ஆடு, அதிகக் கறி.

அதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அங்கே பசும்புல், வேலி போட்ட மலைகள், ஒரு பண்ணைக்கு ஆயிரக்கணக்கில் ஆடு. ஆனா எதை மாத்தினா கறி கூடும்கிற கணக்கு நமக்கும் பொருந்தும். நம்ம ஊரில் ஒரு செம்மறியில் சராசரியா 11, 12 கிலோ கறிதான் கிடைக்குது. இனம் சின்னது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பத்தி அதிகம் பேசுறதில்லை: நாம குட்டியை ரொம்பச் சீக்கிரம் விக்கிறோம்.

மூணு மாசக் குட்டி, 10 கிலோ எடை. ஸ்கூல் ஃபீஸோ, ஆஸ்பத்திரிச் செலவோ வந்தா அன்னைக்கே வியாபாரிக்குப் போயிடும். அந்தக் குட்டி வளரும் வேகம் உச்சத்தில் இருப்பது அடுத்த மூணு, நாலு மாசத்தில்தான். ஒரு எளிய கணக்கு போடலாம். நல்ல தீவனம் கொடுத்து நாளுக்கு 100 கிராம் எடை கூடினா, 100 நாளில் 10 கிலோ கூடும். அதாவது எடை ரெண்டு மடங்கு. ஒரு தாய் ஆடுகூட அதிகமாகாமல் கறி ரெண்டு மடங்கு. இந்த லாபம் இன்னைக்குக் குட்டியை வாங்கி வளர்க்கிற இடைத்தரகருக்குப் போகுது, பிரசவம் பார்த்து, சீம்பால் குடிக்க வைத்து, ராத்திரி கண் முழிச்சவருக்கு இல்லை.

ரெட்டைக் குட்டி மரபணு

ஈத்துக்கு ஒரு குட்டி என்ற கணக்கை மாத்த முடியுமா? முடியும்னு மகாராஷ்டிராவில் காட்டியிருக்காங்க. மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் 'கரோல்' என்று ஒரு குட்டையான செம்மறி இனம் இருக்கு. சேத்துத் தண்ணியில் நின்று மேயும், ஒரே ஈத்தில் ரெண்டு, மூணு குட்டி போடும். அதோட உடம்பில் உள்ள ஒரு மரபணுதான் காரணம். 1790-களில் வங்காளத்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகள் வழியாகத்தான், அங்கே பேர் போன 'பூரூலா' மெரினோ ஆடுகளுக்கும் இந்த மரபணு போனதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மகாராஷ்டிராவின் பல்டண் ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இந்த மரபணுவைத் தக்காணி ஆடுகளுக்குள் கொண்டுவந்து 'நாரி சுவர்ணா' என்ற வகையை உருவாக்கியது. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனமும் இதே வழியில் 'அவிஷான்' வகையைக் கொண்டுவந்தது. ரத்த மாதிரியில் சோதிச்சா எந்தக் கிடாவிடம் மரபணு இருக்குன்னு தெரிஞ்சுடும்.

கேட்கும்போது லாட்டரி மாதிரி இருக்கும். ஆனா ரெட்டைக் குட்டி போடும் ஆட்டுக்குக் கடைசி ஒன்றரை மாசம் கூடுதல் தீவனம் கொடுக்கணும். இல்லைன்னா குட்டி ரெண்டும் சோனியா பிறக்கும், பாலும் பத்தாது, ரெண்டுமே போகும். பகல் முழுக்கப் பத்து கிலோமீட்டர் நடக்கும் கிடை ஆட்டுக்கு இது வரமா சாபமா என்பது சந்தேகம்தான். வீட்டோட தீவனம் போட்டு வளர்க்கிறவங்களுக்கு இது சரிவரும்.

அரசுத் திட்டங்கள் யாருக்கு?

தமிழ்நாட்டில் 2011-ல் ஏழைக் குடும்பங்களுக்கு நாலு ஆடு இலவசம் என்ற திட்டம் வந்தது. பிறகு 2021-22-ல் 38,800 ஆதரவற்ற, விதவை, கைவிடப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 5 ஆடு என்று அறிவிக்கப்பட்டது. இரண்டுமே ஒரு குடும்பத்துக்குக் கைச்செலவுக்கு உதவும். மந்தையை உருவாக்காது.

தெலங்கானா 2017-ல் பெரிசா யோசிச்சது. 75 சதவீத மானியத்தில் ஒரு குடும்பத்துக்கு 20 பெட்டை, ஒரு கிடா. பலன் கணக்கெடுப்பிலேயே தெரிஞ்சது. 2012-ல் 1.28 கோடியாக இருந்த ஆடுகள் 2019-ல் 1.91 கோடி. இன்னைக்கு நாட்டிலேயே செம்மறியில் முதலிடம் தெலங்கானாதான். ஆனா பக்கத்து மாநிலங்களில் வாங்கிக் கொண்டுவந்த ஆடுகள் என்பதால் கணக்கில் கூடியது எவ்வளவு, பிறந்து கூடியது எவ்வளவுன்னு கேள்வி இருந்தது. பின்னாடி அந்தத் திட்டத்தில் முறைகேடு புகார் எழுந்து, ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணை வரை போச்சு.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா பண்ணைக்கு 10 லட்சம் வரை மானியம். 500 பெட்டை, 25 கிடா என்றால் 50 லட்சம் வரை. திட்டச் செலவில் பாதி. யூடியூபில் "50 லட்சம் மானியம்" என்று தலைப்பு வைப்பது இதைத்தான். முதலில் பணத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். நிலம் இருக்கணும் அல்லது குத்தகைப் பத்திரம் இருக்கணும், மீதிப் பணத்துக்கு வங்கிக் கடன் வாங்கணும், வேலை நடந்த பிறகு ரெண்டு தவணையில் மானியம் வரும். ஆட்டைப் பத்தி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிஞ்ச கீதாரிக்கு நிலம் இல்லை, பத்திரம் இல்லை. பத்திரம் உள்ளவருக்கு ஆட்டைத் தெரியாது. பரண் அமைத்து, ஷெட்டுக்கே முக்கால்வாசிப் பணத்தைக் கொட்டி, ரெண்டு வருஷத்தில் ஷெட்டை வாடகைக்கு விட்ட பண்ணைகளை நீங்களும் பார்த்திருக்கலாம்.

காப்பீட்டில் 2024-ல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. பிரீமியத்தில் பயனாளி கட்ட வேண்டியது 15 சதவீதம்தான், 100 ஆடு வரைக்கும் காப்பீடு செய்யலாம். ஆனா இறந்த ஆட்டுக்குக் காது வில்லை, டாக்டர் சான்று எல்லாம் வேணும். நடுக்காட்டில் நடந்துபோற கிடையில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆடு செத்தா டாக்டரை எங்கே தேடுவது?

ஆஸ்திரேலியாக் கறி வந்து கவுத்துடுமா?

இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்தது. அதில் ஆஸ்திரேலியச் செம்மறிக் கறிக்கு இருந்த 30 சதவீத இறக்குமதி வரி நீக்கப்பட்டது. இதனால் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் விலை விழுந்துடுமோன்னு பயப்பட இப்போதைக்குக் காரணம் தெரியலை. அந்தக் கறி ஐஸில் உறைந்து வருது, நட்சத்திர ஓட்டல்களுக்குப் போகுது. நம்ம ஆளுங்க காலையில் அறுத்த கறியை, கண் முன்னாடி வெட்டித் தரச் சொல்லித்தான் வாங்குவாங்க. பிரியாணிக் கடைச் சங்கிலிகள் பெரிசாகி, ஒரே அளவுத் துண்டு, ஒரே விலை என்று கேட்க ஆரம்பிச்சா கதை மாறலாம். இப்பவே சென்னைக்கு ஆந்திரா, ராஜஸ்தானில் இருந்து லாரி லாரியாக ஆடு வருது. உள்ளூர் ஆட்டுக்காரரோட நிஜப் போட்டி அதுதான்.

புதுசா தொடங்க நினைக்கிறவங்களுக்கு

500 ஆட்டில் ஆரம்பிக்காதீங்க. 20 பெட்டை, ஒரு கிடா போதும். கர்ப்பம் 5 மாசம் என்பதால் சரியாகப் பார்த்துக்கிட்டா ரெண்டு வருஷத்தில் மூணு ஈத்து எடுக்கலாம். ஷெட்டைவிட முதலில் தீவனத்துக்குச் செலவு பண்ணுங்க: வேலிமசால், தீவனச் சோளம், கிடைக்கிற ஊரில் கடலைக்கொடி. கிடாவை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும், இல்லைன்னா அது தன்னோட குட்டிகளோடவே சேர்ந்து மந்தை நலிஞ்சுடும். சந்தையில் வாங்கின ஆட்டை நேரா மந்தையில் விடாதீங்க. மூணு வாரமாவது தனியா வைச்சுப் பாருங்க, ஆட்டுக்கொல்லி அப்படித்தான் உள்ளே வருது.

இனம் தேர்வில் ஊருக்கு ஏத்ததுதான் நல்லது. தெற்கத்திக் கரிசலுக்கு வேம்பூர், கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை. வடக்கே சென்னைச் சிவப்பு. கொங்குக்கு மேச்சேரி. மேச்சேரியின் தோலுக்குத் தோல் தொழிற்சாலைகளில் தனி மதிப்பு உண்டு. அது கறி விலையோடு சேர்ந்து வரும் கூடுதல் காசு, ஆனா சந்தையில் அதைக் கேட்டு வாங்குறவங்க குறைவு.

விக்கும்போது கண்மதிப்பில் விலை பேசாதீங்க. வியாபாரி ஆட்டோட முதுகை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிடுவார். உங்களிடம் சொல்றது அதில் ரெண்டு கிலோ குறைவா இருக்கும். ஒரு தொங்கு தராசு சில ஆயிரம் ரூபாய்தான். உயிர் எடையில் கிட்டத்தட்ட பாதி கறியா நிக்கும் என்று வச்சுக்கிட்டா, கடை விலையை வைத்து உங்க ஆடு என்ன போகும்னு நீங்களே கணக்குப் போடலாம். பயிற்சிக்கு மாவட்டங்களில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் இருக்கு. கலப்பில்லாத மேச்சேரி கிடா வேணும்னா, அதே பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இருக்கு.